பின்பக்க வெளிச்சத்தில் மதினி

சென்ற கோடையில் கொஞ்ச நாள் நானும் மதினியும் சாவுக்குக் காத்திருந்தோம். யாருடைய சாவு என்பது எங்களுக்கு முக்கியமில்லை. ஊர்வலம் மேளத்தோடு போக வேண்டும், எங்கள் கடை இருக்கும் கல்மண்டபம் ரோடு வழியாகப் போக வேண்டும், சாயங்கால வெயில் இருக்கும்போது போக வேண்டும். கேட்பவர்களுக்கு அநியாயமாகத்தான் இருக்கும். எல்லாம் ஒரு போட்டோவுக்காக.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. எங்கள் குடும்பம் தாத்தா காலத்தில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ராயபுரம் வந்து கயிற்றுக்கடை போட்டது. அண்ணனும் தங்கை நானும் இங்கேயே பிறந்தவர்கள், வாயைத் திறந்தால் இந்த ஊர்ப் பேச்சுதான் வரும். உறவுமுறை மட்டும் தெற்கத்தி முறை. மதினி கல்யாணமாகி அங்கிருந்து வந்தவள். வந்து எத்தனையோ வருடமாகியும் அவள் பேச்சு அப்படியே இருக்கிறது. மீன்காரம்மாவிடம்கூட தூத்துக்குடித் தமிழில்தான் பேரம் பேசுவாள். அந்தம்மா பாதி புரியாமலே விலையைக் குறைத்துவிடும்.

நான் திருவொற்றியூரில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். கண்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும், அதற்கான காகிதம் எங்காவது ஒரு மேஜையில் நிற்கும், இரண்டையும் சேர்த்துவைப்பது என் பிழைப்பு. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எல்லாரும் ஓய்ந்த பிறகு கையில் நிறைய ஞாயிற்றுக்கிழமைகள் மிஞ்சின. செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா வாங்கி, ஆன்லைனில் ஒரு வகுப்பிலும் சேர்ந்தேன். எங்கள் ஆசிரியர் மனிதர்களைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. வெளிச்சத்தைப் பற்றித்தான் பேசுவார். அவர் கொடுத்த வீட்டுப்பாடம் இது: வீட்டுக்குள்ளேயே, பின்னாலிருந்து பலமான வெளிச்சம் வைத்து, ஆளை வெறும் நிழலுருவமாக எடுக்க வேண்டும். முகம் தெரியக் கூடாது, ஓரக்கோடு மட்டும் சுத்தமாக வர வேண்டும்.

கேட்டால் சுலபம். செய்து பார்த்தால்தான் தெரியும். எங்கள் வீடு கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், கை நீட்டினால் தொடலாம். சூரியன் அந்தச் சந்துக்குள் வந்து பல வருடம் ஆகியிருக்கும். மதினியை அந்த ஜன்னல் முன்னால் நிறுத்தி எடுத்த முதல் படத்தைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்.

"ஏட்டி, இது என்ன, அரிசி மூட்டை மாதிரில்லா இருக்கேன்."

தப்பு அவள் மேல் இல்லை. முகம் இருட்டில் போய்விட்டால் மிச்சம் இருப்பது வெளிக்கோடு மட்டும்தான். சேலை கட்டி, கையை உடம்போடு ஒட்டி, நேராகக் கேமராவைப் பார்த்து நின்றால் உலக அழகிகூட மூட்டையாகத்தான் விழுவாள். பக்கவாட்டில் திரும்ப வேண்டும், மூக்கு தெரிய வேண்டும். கைக்கும் இடுப்புக்கும் நடுவில் வெளிச்சம் புகுந்து வர வேண்டும். இதையெல்லாம் விளக்கினேன். மதினி இடுப்பில் கை வைத்து, சண்டைக்குப் போகிற மாதிரி நின்றாள். வெளிச்சம் போதாமல் அதுவும் கலீஜாக வந்தது.

அப்போதுதான் கடையின் ஞாபகம் வந்தது. கடை ரயில்பெட்டி மாதிரி நீளம். முன்பக்கம் ரோடு, கிழக்கு. பின்பக்கம் ஒரு பெரிய கதவு, மேற்கே பார்த்து, காலி முற்றத்தில் திறக்கும். நடுவில் இரண்டு பக்கமும் கயிற்றுச் சுருள், தார்ப்பாய், லாரி லோடு மூடுகிற பிளாஸ்டிக் ஷீட்டு. நாலு மணிக்கு மேல் அந்தப் பின்கதவு வழியாக வெயில் அடித்துக்கொண்டு உள்ளே வரும். முற்றத்தில் கிடக்கும் உடைந்த டிரம்மும் பழைய சைக்கிளும் படத்தில் விழாமலிருக்க, கதவின் குறுக்கே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டேன். ஷீட்டு முழுக்க வெயிலை வாங்கிக்கொண்டு பளபளவென்று நின்றது. கதவே ஒரு விளக்காகிவிட்டது. ஆசிரியர் பார்த்திருந்தால் ஆனந்தத்தில் அழுதிருப்பார்.

ஆனால் முன்பக்கம் ரோட்டிலிருந்தும் வெளிச்சம் வந்தது. அது நேராக ஆள் முகத்தில் போய் விழுந்து, கறுப்பாக வர வேண்டிய உருவத்தைச் சாம்பலாக்கியது. ஷட்டரை இறக்கினால் சரியாகிவிடும். கடை நேரத்தில் அண்ணன் ஷட்டரை இறக்குவதா? ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைக்கிறவன் அவன். விடுமுறை என்றாலே அவனுக்கு உடம்பு சரியில்லாமல் போகும்.

ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் எங்கள் ரோட்டில் ஷட்டர் இறங்கும். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குச் சவ ஊர்வலம் போகும்போது. தூரத்தில் மேளம் கேட்டதும் கடைக்காரர்கள் எல்லாரும் ஷட்டரை இழுத்துவிட்டு வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். போகிறவர் யாராக இருந்தாலும் அந்த மரியாதை உண்டு. ஊர்வலம் முனையில் நின்று ஆடி முடித்துத் தாண்டிப் போனதும்தான் ஷட்டர் ஏறும்.

ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்து, பின்கதவுப் பக்கம் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மேளம் கேட்டது. அண்ணன் கடை ஆட்களோடு வெளியே போய் ஷட்டரை இறக்கினான். கடை சட்டென்று இருட்டானது, பின்கதவு மட்டும் எரிந்தது. மாடியிலிருந்து டீ எடுத்துக்கொண்டு வந்திருந்த மதினி கதவு முன்னால் நின்றிருந்தாள். நான் தார்ப்பாய் அடுக்குக்குப் பின்னால் இருந்ததை மறந்துவிட்டாள் போலிருக்கிறது. முதலில் பாதம் தட்டியது. பிறகு தோள். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஆடினாள்.

என்ன ஆட்டம் என்று சொல்ல? இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம், நடுவில் ஒரு துள்ளல். வருடக்கணக்கில் மொட்டைமாடியிலிருந்து எங்கள் ஊர் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அசந்துபோனேன். கேமராவைத் தூக்குவதற்குள் மேளம் தாண்டிப் போய்விட்டது. ஷட்டர் ஏறியது. மதினி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றாள்.

"மதினி, அதையே எடுத்துக்கலாம்," என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. "உங்க அண்ணன் பாத்தாவன்னா?"

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அவள் வந்த புதிதில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், மாப்பிள்ளை அழைப்பில், மேளத்துக்கு லேசாகக் காலை அசைத்துவிட்டாள். அண்ணன் திட்டவில்லை, திரும்பி ஒரு பார்வை பார்த்தான். வீட்டுக்கு வந்து, "கடைக்கு வர்றவன்லாம் பாக்கறான், நம்ம வூட்டுக்கு இதெல்லாம் வாணாம்," என்று மெதுவாகத்தான் சொன்னான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாலு பேர் முன்னால் மதினி கால் அசைத்ததில்லை. அண்ணன் அதை மறந்தேபோயிருப்பான். மதினிக்கு மறக்கவில்லை.

"மூஞ்சி தெரியாது மதினி. கறுப்பாத்தான் வரும். யாருன்னே தெரியாது."

"ஒறுதியா?"

"உறுதி."

அவள் ஒரு ராத்திரி யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டாள். ஆனால் பாட்டுப் போட்டு ஆட மாட்டாளாம். செல்போனில் மேளம் போட்டுக் காட்டினேன். நின்ற இடத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றாள். உண்மையான மேளம் வேண்டும், அது நெஞ்சில் வந்து இடிக்க வேண்டும், அப்போதுதான் கால் கிளம்புமாம். இப்படித்தான் நாங்கள் சாவுக்குக் காத்திருக்கும் நிலைமைக்கு வந்தோம்.

வந்த சாவெல்லாம் எங்களுக்கு ஒத்துவரவில்லை. ஒருவர் காலையிலேயே போய்ச் சேர்ந்தார், வெயில் எதிர்ப்பக்கம். ஒருவருக்குக் கோயில் தெருக்காரர்கள் பேண்டு வாத்தியம் வைத்துவிட்டார்கள், சோகமாக ஊதிக்கொண்டு போனது. ஒருவரைச் சத்தமில்லாமல் வேனில் கொண்டுபோனார்கள். நான் அலுவலகத்தில் இருக்கும் நாட்களில் மட்டும் மேளம் பிரமாதமாகப் போனதாக மதினி போனில் சொல்வாள்.

"யாரும் சாகணும்னு நா நெனைக்கல கேட்டியா," என்று ஒரு நாள் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து சொன்னாள். "போறவிய எப்டியும் போத்தான் செய்வாவ. அதைச் சனிக்கெழம நாலு மணிக்குப் போனா என்னாங்கேன்."

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் ரோட்டிலேயே பேரன் பேத்தி, அவர்களுக்கும் பிள்ளைகள் எல்லாம் பார்த்து, தூக்கத்தில் போன ஒரு தாத்தா. கல்யாணச் சாவு. மேளம் அவர் வீட்டு வாசலிலேயே மத்தியானத்திலிருந்து முழங்கிக்கொண்டிருந்தது. மனசில் இருந்த கொஞ்சநஞ்ச உறுத்தலும் போய்விட்டது. மதினி காலையிலேயே போய் மாலை போட்டுவிட்டும் வந்தாள்.

ஊர்வலம் கிளம்பியதும் அண்ணன் ஆட்களோடு வெளியே போனான். ஷட்டர் இறங்கியது. நான் டியூப்லைட்டை அணைத்து, ஃபிளாஷ் வராமல் பார்த்துக்கொண்டு, கேமராவில் முகத்துக்கு இல்லாமல் ஷீட்டின் வெளிச்சத்துக்கு அளவு வைத்தேன். மதினி சேலையை முழங்கால் வரை தூக்கி வரிந்து கட்டிக்கொண்டாள். இந்தப் பக்கம் மெல்லிசான தகர ஷட்டர், அதற்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு அவள் புருஷன். அவன் இருமுவதுகூட எங்களுக்குக் கேட்டது.

மேளம் முனைக்கு வந்து நின்றது. தகர ஷட்டர் அதிர்ந்தது. மதினி ஆடினாள். இந்தத் தடவை நான் இருப்பது தெரிந்தே ஆடினாள். கை இரண்டும் மேலே, ஒரு கால் தரையை விட்டு, தலை பின்னால் சாய்ந்து. தார்ப்பாய்ப் புழுதி அவளைச் சுற்றிக் கிளம்பியது. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருடம் இந்த வீட்டில் சோறு போட்டவளை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன் என்று தோன்றியது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

படத்தைக் காட்டியபோது மதினி கேமராவைக் கையில் வாங்கிக்கொண்டாள். வெள்ளை வெளிச்சத்தில் ஒரு கறுப்பு உருவம், இரண்டு பக்கமும் கயிற்றுச் சுருள்கள். முகம் துளிகூடத் தெரியவில்லை. கை மட்டும் விரல் விரலாகத் தெரிந்தது.

"இது நானாட்டி?"

"நீங்கதான்."

"மூஞ்சி தெரியலல்லா. அப்ப எல்லாரும் பாக்கட்டும், போடு."

ஆசிரியருக்கு அனுப்பினேன், அப்படியே வாட்ஸப்பில் ஸ்டேட்டஸாகவும் வைத்தேன். யாருடைய படம் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டு பேரும் பெரிய திருட்டு செய்து முடித்த திருப்தியோடு டீ குடித்தோம்.

மறுநாள் காலை கடைக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் பூக்காரம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அண்ணி இன்னாமா இப்டி ஆடுது. சொல்லவே இல்ல பாரு."

"எந்த அண்ணி?" என்றேன்.

"யார்கிட்ட கத வுட்ற? எடது தோளு ஒரு பக்கமா சாஞ்சிகினு கீது. டெய்லி நான் தான பூ குடுக்கறேன், எனக்குத் தெரியாதா."

அடுத்து, எங்கள் கடைக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கும் பாயின் வீட்டம்மா குரல் செய்தி அனுப்பியிருந்தார்கள். "மாஷா அல்லா, மதினிக்குத் திருஷ்டி சுத்திப் போடு" என்று. சாயங்காலம் தையற்காரர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கத்தினார். "பாப்பா, அந்த ஜாக்கெட்டு நான் தெச்சது. அளவு பாத்தாலே தெர்ஞ்சிரும்." ஒருவர் பாக்கியில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நெருக்கமான தெரு, சின்ன வாசல், எந்நேரமும் எதிர்வெளிச்சம். எங்கள் ரோட்டில் யாரும் யாரையும் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுபிடிப்பதே இல்லை. தூரத்தில் வரும்போதே நடையையும் தோளையும் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள். இவர்களிடம் போய் முகத்தை மறைத்து என்ன பிரயோஜனம்?

வீட்டுக்கு ஓடினேன். மதினிக்கு விஷயம் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒறுதின்னு சொன்னியேட்டி," என்றாள்.

ஸ்டேட்டஸை அழிக்கப் போனேன். அண்ணன் ஏற்கெனவே பார்த்துவிட்டதாகக் காட்டியது. டீ நேரத்தில் எல்லார் ஸ்டேட்டஸையும் வரிசையாகப் பார்த்து, இறப்புச் செய்தி உட்பட எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் போடுகிறவன் அவன். இனி அழித்து லாபமில்லை. அன்றைக்கு அவன் கடையை மூடிவிட்டு மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. மதினி தோசைக்கல்லைப் போட்டாள். கை மட்டும் வேலை செய்தது.

அண்ணன் கை கழுவி உட்கார்ந்ததும் போனை எடுத்து என் பக்கம் நீட்டினான். படம் அதில் இருந்தது.

"இன்னா இது, நம்ம கடைல எட்த்தியா?"

நான் மதினியைப் பார்த்தேன். அவள் தோசையைத் திருப்பவில்லை.

"ஆமா," என்றேன்.

"நெனச்சேன். இந்தப் பக்கம் கீறது நைலான், அந்தப் பக்கம் தேங்கா நாரு. சுத்தி வெச்சிருக்கறது பாத்தாலே நம்முதுன்னு தெர்து. மேல கீற சுருளு லூசா கீது பாரு, நாளைக்கு கடைப் பசங்கள கேக்கணும். ஷீட்டு வேற, நல்ல கனமான ஷீட்டு, அத்த போயி கதவுல தொங்கவுட்டுகீற." விரலால் படத்தைப் பெரிதாக்கினான். உருவத்தின் மேல் விரலை வைத்துத் தள்ளிவிட்டுப் பின்னால் இருந்த கயிற்றைப் பார்த்தான். பிறகு போனைத் தூரத்தில் பிடித்து ஒரு தடவை பார்த்தான். "ஆனா பொண்ணு நல்லா ஆடுது. யாரு, உன் ஃபிரெண்டா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தப்பித்தோம். சிரிப்பை அடக்கிக்கொண்டு மதினியைப் பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை.

"யாருன்னு தெரியலயா?" என்று கேட்டாள்.

"மூஞ்சியே இல்ல, எனக்கு எப்டித் தெரியும்? தோச கருகுது பாரு."

மதினி கருகின தோசையை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, நல்லதாக ஒன்று ஊற்றி அவன் தட்டில் போட்டாள். அவன் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் போனான். பாத்திரம் விளக்கும் இடத்தில் நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். நல்லவேளை மதினி, என்று ஆரம்பித்தேன்.

"பூக்காரிக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் குழாயைப் பார்த்துக்கொண்டு. "தையக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு."

நான் ஒரு தட்டை எடுத்துத் துடைத்தேன்.

"இவியளுக்குக் கயிறு தெரிஞ்சிருக்கு," என்று டிவி சத்தம் வந்த பக்கம் தலையை ஆட்டினாள்.

அண்ணன் மேல் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் சொல்ல முடியும். நல்லவன், குடிக்க மாட்டான், கைநீட்ட மாட்டான், அவளுக்கு இல்லை என்று எதையும் சொன்னதில்லை. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. கண்டுபிடித்துவிடுவானோ என்று நாள் பூரா பயந்தவள், கண்டுபிடிக்கவில்லை என்றதும் இப்படி உடைந்து நிற்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போய் அவனிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள், பிடியில் சோப்பு வழுக்கியது.

அந்த வாரம் படத்துக்கு ஆசிரியர் நல்ல மதிப்பெண் போட்டிருந்தார், சொன்னேன். "சரி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கடையில் நல்ல கூட்டம், படகுக்காரர்கள் ஐஸ் ஏற்றுவதற்கு முன்னால் கயிறு வாங்க வருகிற நேரம். மதினி தலை சீவி, பூ வைத்து, மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"கேமராவ எடுத்துட்டு வா. கறுப்புப் படம் போதும். மூஞ்சி தெரியணும்."

"எங்க எடுக்கறது?"

அவள் கடைக்குள் போய், முன்பக்கம், ஷட்டருக்குக் கீழே, ரோட்டைப் பார்த்து நின்றாள். கிழக்கு வெயில் முகத்தில் நேராக அடித்தது, கண் கூசிச் சுருங்கியது. இப்படி எடுக்கவே கூடாது என்பது வகுப்பின் முதல் பாடம். நான் கேமராவைத் தூக்கினேன். முந்தானையை இழுத்துச் சொருகினாள். மேளம் இல்லை, ஊர்வலம் இல்லை, லாரி ஹாரன்தான். கை இரண்டையும் மேலே தூக்கினாள், ஒரு காலை எடுத்தாள், தலையைப் பின்னால் சாய்த்தாள். அப்படியே நின்றாள். கயிறு வாங்க வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பூக்காரம்மா எதிர்ப்பக்கத்திலிருந்து எழுந்து நின்று பார்த்தாள்.

அண்ணன் கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினான். அந்தக் கையை, அந்தச் சாய்ந்த தோளைப் பார்த்தான். எழுந்து ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

"அது நீயா?"

மதினி கையை இறக்கவில்லை. "எடுத்துட்டியாட்டி?" என்று என்னிடம்தான் கேட்டாள். எடுத்துவிட்டேன் என்றேன். அதன் பிறகுதான் கையை இறக்கி, முந்தானையை அவிழ்த்துவிட்டாள்.

"அன்னிக்கே சொல்லக் கூடாதா?" என்றான் அண்ணன். குரல் இறங்கியிருந்தது.

"அன்னிக்கே கேட்டேன்லா, யாருன்னு தெரியலயான்னு."

ஒரு படகுக்காரர் நைலான் கயிற்றுச் சுருளைத் தூக்கிக்காட்டி விலை கேட்டார், இரண்டாம் தடவையும் கேட்டார். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வெயிலில் வேர்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவளைப் பார்த்தபடியே நின்றான்.